மூன்றாவது முயற்சி

மார்கரெட் அழுதுகொண்டே மாடிப்படி ஏறி வந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஏசுதாஸ் வந்தான். வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. 1978ஆம் வருடம், பிப்ரவரி மாதம்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கொளவாய் ஏரி தெரிகிற அந்த மாடி அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. துப்பறிய ஆள் தேடுகிறவர்கள் விஷயம் தெரிந்து வருவார்கள். காவல் துறையில் கையெழுத்துகளையும் கள்ளப் பத்திரங்களையும் இருபத்தாறு வருடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பாசாமி. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைக்க அவருடைய உதவியாளர் சொர்ணம் இருந்தாள். சதுரங்கப்பட்டினத்துக்காரி, வயது முப்பத்திரண்டு. தட்டச்சில் ஹையர் பாஸ். எந்த வழக்கு வந்தாலும் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் தப்பாகச் சொல்வாள், ஆனால் தயங்காமல் சொல்வாள்.

அன்று அவள் பழைய தட்டச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அது அவள் படித்த பயிலகத்திலிருந்து கழித்துக் கட்டிய இயந்திரம். நாடா நகராது, மணி அடிக்காது, எண்களை இரண்டிலிருந்துதான் எண்ணத் தெரியும். இருந்தாலும் சொர்ணத்தின் விரல் பட்டால் ஓடிவிடும்.

மார்கரெட்டைப் பார்த்ததும் எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாடி இது கண்ணெல்லாம் வீங்கிப் போய்? சார், இது மார்கரெட்டு. படாளத்துப் பொண்ணு. எனக்கு அப்புறம் அதே இன்ஸ்டிடியூட்ல படிச்சுது. இவரு ஏசுதாஸு, அவரும் அங்கதான் படிச்சாரு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் முடிவாகிக் கீது."

"உட்காரும்மா," என்றார் அப்பாசாமி. "முதலிலிருந்து சொல்."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி ஒரு கடலலை ஆய்வு நிலையம் இருந்தது. அலையின் உயரத்தை அளந்து, எந்தக் குப்பத்தைக் கடல் தின்னப்போகிறது, எங்கே கல் கொட்ட வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மார்கரெட் முதலில் அங்கே தட்டச்சராகத்தான் சேர்ந்தாள். போன ஆகஸ்ட் மாதம் தேர்வு வைத்து அவளைக் கம்ப்யூட்டரில் வேலை செய்ய எடுத்துக்கொண்டார்கள். ஏசுதாஸ் அதே நிலையத்தில் முன் அலுவலகத் தட்டச்சராகவே இருந்தான்.

"புதன்கிழமை மதியம் பன்னண்டு அம்பத்தி நாலுக்கு யாரோ என் பேருல கம்ப்யூட்டர் உள்ள போயி, மூணு மாசத்து அலைக் கணக்கு அத்தனையும் அழிச்சிட்டாங்க ஐயா," என்றாள் மார்கரெட். "நான் அந்த ரூம்லயே இல்ல. தவக்காலம்ன்றதால மதியம் நான் சாப்பிடறதில்ல. பின்பக்கக் கதவு வழியா சவுக்குத் தோப்புக்குப் போயி, ஒண்டியா ஒக்காந்து ஜெபம் பண்ணிட்டு வருவேன். பார்த்த சாட்சி யாரும் இல்ல. ஏப்ரல்ல ஆறு மாசம் பயிற்சிக்கு என்ன பம்பாய்க்கு அனுப்பறதா இருந்தாங்க. இப்ப திங்கக்கிழமை போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன்றாங்க. எங்க குடும்பத்துல மொதமொதல்ல மாசச் சம்பளம் வாங்கினவ நான் ஐயா. எங்கப்பா இன்னும் அடுத்தவன் கழனியிலதான் வேலை செய்யறாரு. அவருக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?"

ஏசுதாஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினான். நல்ல மென்மையான குரல். "விட்டுத் தொலைன்னு சொல்றேன் சார். ரெண்டு வரி மன்னிப்பு எழுதி, ராஜினாமா குடுத்துட்டா, போலீஸ் வரைக்கும் போக மாட்டேன்னு தலைவரே சொல்றாரு. வூட்டுக்கு வந்து நிம்மதியா இருக்கலாம். நான் சம்பாதிக்கிறது போதாதா? இவதான் புடிவாதமா இங்க இழுத்துகினு வந்தா."

"செய்யாத தப்புக்கு மன்னிப்பா?" என்று சீறினாள் சொர்ணம்.

அப்பாசாமி மார்கரெட்டையே பார்த்தார். "உன் பேரில் உள்ளே போவது என்றால் எப்படி?"

"பேரை அடிச்சிட்டு, ரகசியச் சொல் ஒண்ணு அடிக்கணும் ஐயா. அது சரியா இருந்தாத்தான் உள்ள விடும். ஆரம்பத்துல எனக்கே விடல. மொத நாளு அரை மணி நேரம் வெளியவே நின்னேன். ராஜேந்திரன் சாருன்னு எங்க இன்ஜினீயரு, அவரு வந்து, நம்பருங்க எல்லாம் மேல் வரிசையில இருக்குதுன்னு காட்டிட்டுப் போனாரு, அப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. அன்னிக்கு சாயந்தரம் பஸ்ஸுல இவருகிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன், சிரிச்சேன்."

"ஆமா சார், திருக்கழுக்குன்றம் வர்ற வரைக்கும் அதே கதைதான்," என்று ஏசுதாஸ் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரித்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"அந்த ரகசியச் சொல் வேறு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது ஐயா. யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றாள் மார்கரெட் உடனே.

அப்பாசாமி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த பஸ் பத்து மணிக்கு இருந்தது.

பஸ்ஸில் மார்கரெட்டும் ஏசுதாஸும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின் இருக்கையில் சொர்ணம் தன் வேலையை ஆரம்பித்தாள். "இன்ஜினீயர்தான் சார். கம்ப்யூட்டரைத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தானே?"

"இருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரே அவர் பொறுப்பில் இருக்கிறது. அவர் அழிப்பதென்றால் மார்கரெட்டின் பெயர் எதற்கு?"

"பழி போடத்தான்!"

"எதற்காகப் பழி?"

சொர்ணம் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தாள். திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற வரைக்கும் யோசித்துவிட்டு, நிலையத் தலைவர்தான் குற்றவாளி என்று முடிவை மாற்றிக்கொண்டாள்.

நிலையத் தலைவர் காசிநாதன் கெட்டவர் இல்லை, பயந்தவர். அழிந்த கணக்கு அடுத்த மாதம் டெல்லிக்குப் போக வேண்டியது. யாரையாவது காட்டாவிட்டால் தன் தலை உருளும் என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. புதன்கிழமை மதியம் அவரும் ராஜேந்திரனும் ஒரே ஜீப்பில் மாமல்லபுரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குத்தான் திரும்பியிருந்தார்கள். உணவு விடுதியின் ரசீதில் நேரம் குறித்திருந்தது. சொர்ணத்தின் இரண்டு குற்றவாளிகளும் அப்படி ஒரே ரசீதில் தப்பித்துக்கொண்டார்கள்.

"அப்போது இங்கே யார் யார்?" என்று கேட்டார் அப்பாசாமி.

"மார்கரெட், முன் அலுவலகத்தில் ஏசுதாஸ், பியூன் சடையன். மற்றவர்கள் படகில் கருவி பார்க்கப் போயிருந்தார்கள். சடையன், நீ பார்த்ததைச் சொல்."

சடையன் பக்கத்துக் குப்பத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருக்கு இந்த விசாரணையே பிடிக்கவில்லை. "நான் இன்னாத்த பாத்தேன்? கம்ப்யூட்டர் ரூமு உள்ள தூசி போவக் கூடாதுன்னு எல்லாரும் செருப்ப வாசல்ல வுட்டுட்டுத்தான் போவணும். ஒரு மணி வாக்குல வராந்தா வழியா தண்ணி எடுத்துகினு போறேன். கதவு சாத்திக் கீது. வாசல்ல அந்தப் பொண்ணு செருப்பு கெடந்துச்சு. வேற செருப்பு ஒண்ணும் இல்ல. உள்ள டகடகன்னு சத்தம் வந்துகினு இருந்துச்சு. அவ்ளோதான். நல்ல பொண்ணு சார் அது. நான் பொய் சொல்ல முடியுமா?"

"ஜெபத்துக்கு யாராச்சும் செருப்பு போட்டுகினு போவாங்களா?" என்றாள் மார்கரெட். "வாசல்ல வுட்டது வுட்டபடி, பின்கதவு வழியா வெறுங்காலோடதான் போவேன்."

"அதைத்தான் யாரும் பார்க்கவில்லையே," என்றார் காசிநாதன்.

வராந்தாவில் முன் அலுவலகத்துக்கு அடுத்த கதவுதான் கம்ப்யூட்டர் அறை. ஏசுதாஸ் அதற்குள் வேலையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவர்களைக் கண்டதும் மேஜைக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை அப்படியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டான். "புதன்கிழமை மதியம் பூரா இங்கதான் சார் ஸ்டென்சில் அடிச்சிகினு இருந்தேன்," என்றான். "நம்ம சத்தத்துல உள்ள நடக்கிறது எதுவும் காதுல விழாது."

அப்பாசாமி வாசலில் செருப்பைக் கழற்றினார். சொர்ணமும் கழற்றினாள்.

உள்ளே குளிர்ந்தது. ராஜேந்திரன் மேஜையின் முன் உட்கார்ந்து இரண்டே விரலால் கொத்திக்கொண்டிருந்தார். மேஜை மேல் இருந்தது பார்வைக்குச் சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தின் அண்ணன் போலத்தான் இருந்தது. அதே எழுத்து வரிசை, அதற்கு மேலே அகலமான காகிதம். அதற்குப் பெயர் டெர்மினல். அதில் அடிப்பது சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும்.

"ரகசியச் சொல்லை அடிக்கும்போது மட்டும் இந்தக் காகிதத்தில் எதுவும் விழாது," என்று விளக்கினார் ராஜேந்திரன். "பக்கத்தில் இருப்பவர் படித்துவிடக் கூடாது இல்லையா? ஆனால் அந்தப் பக்க அறையில் கம்ப்யூட்டர் தனக்கென்று ஒரு நீளக் காகிதச் சுருள் வைத்திருக்கிறது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று அதில் பதியும். தப்பாக அடித்தால், என்ன அடித்தார்கள் என்பதையும் அப்படியே போடும். புதன்கிழமைச் சுருளை நீங்களே பாருங்கள். மார்கரெட்டின் பெயரில் மூன்று முயற்சி."

அப்பாசாமி வாங்கிப் பார்த்தார். மார்கரெட் எப்படியும் அதை மாற்றியாக வேண்டும் என்பதால் ரகசியச் சொல்லை இப்போது வெளியில் சொல்லியிருந்தாள். பாப்பா என்பதற்கான நான்கு ஆங்கில எழுத்துகள், எல்லாம் சின்ன எழுத்து. அதை ஒட்டிப் பதினான்கு என்ற எண்.

சுருளில் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு முதல் முயற்சி. நான்கு எழுத்தும் பெரிய எழுத்தில் இருந்தன. பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் இன்னோர் ஆங்கில எழுத்தும் டாலர் குறியும். கம்ப்யூட்டர் மறுத்திருந்தது.

"இதற்குக் காரணம் நான்தான்," என்றார் ராஜேந்திரன் கொஞ்சம் கூச்சத்தோடு. "நான் எழுதுகிற புரோகிராம் முழுக்கப் பெரிய எழுத்து. அதனால் இந்த ஓரத்துப் பூட்டு விசையை அழுத்தி வைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். எழுந்து போகும்போது எடுத்துவிட மறந்துவிடுவேன். பூட்டு விழுந்திருந்தால் எழுத்தெல்லாம் பெரிதாகிவிடும், எண்கள் எல்லாம் தலைக்கு மேலே இருக்கிற குறிகளாகிவிடும். நடுவில் அந்த ஓர் எழுத்து கை தவறி விழுந்திருக்க வேண்டும். ரகசியச் சொல் கண்ணுக்குத் தெரியாததால் அடிக்கிறவருக்கும் தப்பு தெரியாது."

"இரண்டாவது முயற்சி?"

"அதுதான் எனக்குப் புரியாத புதிர். ஐம்பத்து மூன்றுக்கு. பூட்டை எடுத்துவிட்டு அடித்திருக்கிறாள். பாருங்கள், பாப்பா பதினான்கு. சரியான சொல்தான். ஆனாலும் கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. நாற்பது நொடி கழித்து மூன்றாவது முயற்சி. அதே சொல்லாகத்தான் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டது. ஏதோ மின்சாரக் கோளாறு என்று நினைக்கிறேன்."

"புதனுக்கு முன்னால் சரியான சொல்லை எப்போதாவது அது மறுத்ததுண்டா?"

ராஜேந்திரன் யோசித்தார். "எனக்குத் தெரிந்து இல்லை."

அப்பாசாமி சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய், இரண்டாவது வரியை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதே தாளில் நேரம் அச்சாகியிருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி இங்கே, மறுபடி அங்கே. சொர்ணத்துக்குக் கால் தரிக்கவில்லை.

"மார்கரெட் கம்ப்யூட்டரில் வேலை தொடங்கிய முதல் நாள் சுருள் இருக்கிறதா?" என்று கேட்டார்.

விதிப்படி எல்லாச் சுருளும் அலமாரியில் இருந்தன. ராஜேந்திரன் ஆகஸ்ட் மாதத்தைத் தேடி எடுத்து வந்தார். அப்பாசாமி அதையும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு செப்டம்பர், அக்டோபர் என்று பிப்ரவரி வரை ஒவ்வொரு சுருளாக ஓட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. காசிநாதன் இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல்லாரையும் கூப்பிடுங்கள்," என்றார் அப்பாசாமி கடைசியில்.

சடையன் வந்தார். ஏசுதாஸ் வந்து மார்கரெட்டின் பக்கத்தில் நின்றான். காசிநாதன் மட்டும் உட்கார்ந்துகொண்டார்.

"இன்ஜினீயர் சார், தினமும் எப்படி விட்டுவிட்டு எழுந்து போவீர்களோ, அப்படியே எழுந்துகொள்ளுங்கள். எதையும் தொட வேண்டாம். சொர்ணம், நீ போய் உட்கார். உனக்குச் சொல் தெரியும். மார்கரெட்டின் பேரில் உள்ளே போ."

சொர்ணத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பேரை அடித்தாள். பிறகு விரல்கள் ஆறு தடவை தட்டின. டெர்மினல் கடகடவென்று ஒரு வரி அச்சிட்டது. மறுப்பு.

"இன்னா இது?" சொர்ணம் குனிந்து பார்த்தாள். "அட, லாக்கு விழுந்து கெடக்குது!" என்று சிரித்துக்கொண்டே பூட்டை எடுத்துவிட்டாள். மறுபடி ஆறு தட்டு. மறுபடி மறுப்பு.

"சரியாத்தான் சார் அடிச்சேன்!"

"இன்னொரு தடவை அடி."

அடித்தாள். மறுப்பு. இன்னொரு தடவை, மெதுவாக, ஒவ்வொரு விரலாக. அதுவும் மறுப்பு. மார்கரெட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாசாமி கையைக் காட்டித் தடுத்தார். சொர்ணத்துக்கு வியர்த்துவிட்டது. ஹையர் பாஸ் செய்தவள் எல்லார் எதிரிலும் ஆறு எழுத்து அடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது சின்ன அவமானமா?

"போதும்மா. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. உனக்குச் சொல்லிக் கொடுத்தபடிதான் அடித்தாய்," என்றார் அப்பாசாமி. "இன்ஜினீயர் சார், அந்தப் பக்கச் சுருளைக் கிழித்து வாருங்கள்."

அவர் மூன்று தாள்களை மேஜையில் வரிசையாக விரித்தார். ஆகஸ்ட் மாதத்துத் தாள், புதன்கிழமைத் தாள், இப்போது கிழித்த தாள். கண்ணாடியைக் காசிநாதன் கையில் கொடுத்தார்.

"மூன்றிலும் முதல் முயற்சி ஒன்றுதான். பெரிய எழுத்து, கடைசியில் டாலர். இரண்டாவது முயற்சியும் மூன்றிலும் ஒன்றுதான். ஆனால் அது பாப்பா பதினான்கு இல்லை. நேரம் அச்சாகியிருக்கிற இடத்தில் ஒன்று என்ற எண்ணைப் பாருங்கள். தலையில் சாய்வாக ஒரு மூக்கு இருக்கிறது. இந்த வரியில் பாருங்கள், மூக்கு நேராக, தட்டையாக இருக்கிறது. அது ஒன்று இல்லை. ஆங்கிலத்தில் சின்ன எல். முதல் முயற்சியில் பூட்டு விழுந்திருந்ததால் அதே விசைதான் பெரிய எல்லாக விழுந்திருக்கிறது; ஒன்றை அடித்திருந்தால் அங்கே ஆச்சரியக்குறி இருந்திருக்கும்."

"ஏன் எல் அடிக்க வேண்டும்?" என்றார் ராஜேந்திரன்.

"நீங்கள் தட்டச்சு படித்ததில்லை, அதனால் கேட்கிறீர்கள். சொர்ணம், உன் இயந்திரத்தில் ஒன்று எங்கே இருக்கிறது?"

சொர்ணம் தன் வலது கையைப் பார்த்தாள். "ஒண்ணு இல்ல சார். ரெண்டுலருந்துதான் கீது. ஒண்ணுக்கு எல்லுதான் அடிப்போம். எங்க இன்ஸ்டிடியூட்ல எல்லா மிஷினும் அப்படித்தான். அய்யோ! விரல் தன்னால அங்க போயிடுச்சு சார். நான் யோசிக்கக்கூட இல்ல."

"காகிதத்தில் படிக்கிற மனிதனுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு," என்றார் அப்பாசாமி. "ஆகவே புதன்கிழமை உட்கார்ந்தவர் இந்த மாதிரி இயந்திரத்தில் தட்டச்சு படித்தவர். இரண்டு விரலால் கொத்துகிறவர் இல்லை."

காசிநாதன் நிமிர்ந்தார். "அப்படியானால் மார்கரெட்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள்."

"முதல் நாள் அவள் இந்தத் தப்பைப் பதினோரு தடவை செய்திருக்கிறாள். முதல் வாரத்தில் இன்னும் மூன்று தடவை. அதற்குப் பிறகு ஆறு மாதமாக, தினமும் நாலு தடவை உள்ளே போயிருக்கிறாள். ஒரு தடவைகூட எல் இல்லை. ஒரு தடவைகூடப் பெரிய எழுத்து இல்லை. உட்காருவதற்கு முன்பே அவள் சுண்டுவிரல் பூட்டை எடுத்துவிடும், பழக்கம். புதன்கிழமை நடந்தது புதிதாக வந்து உட்காருகிறவரின் தப்பு. வேண்டுமென்றே அப்படி நடித்தாள் என்பீர்களா? நடித்தவள் அதை உங்களுக்குக் காட்டியிருப்பாளே. இரண்டு நாளாக அந்தத் தாள் உங்கள் கையில் இருந்தும், அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை."

காசிநாதன் கண்ணாடியை மறுபடி எடுத்து ஆகஸ்ட் தாளைப் பார்த்தார்.

"இன்னும் ஒன்று. சொர்ணம் கெட்டிக்காரி. அவளுக்கே இரண்டாவது தப்பு என்னவென்று தெரியவில்லை. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. முதல் நாள் மார்கரெட்டுக்கும் தெரியவில்லை. ஆனால் புதன்கிழமை வந்தவருக்கு நாற்பது நொடியில் தெரிந்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை, ஆனால் அதன் மருந்து தெரியும். யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார்." அப்பாசாமியின் குரல் இன்னும் தாழ்ந்தது. "மார்கரெட், அந்த மருந்து தெரிந்தது மூன்று பேருக்கு. மேல் வரிசையைக் காட்டிய இன்ஜினீயர், அவர் ஜீப்பில் இருந்தார். நீ. மூன்றாவது..."

மார்கரெட்டின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் ஏசுதாஸைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரகசியச் சொல்லை யாரிடமும் சொன்னதில்லை என்றாயேம்மா."

"ஆமா ஐயா, சொன்னதில்ல," என்றாள் மார்கரெட். "இவரு யாரோ இல்லியே ஐயா. பாப்பான்றது இவரு என்ன கூப்புடுற பேரு. பதினாலு, எங்க கல்யாணத் தேதி. ஜூன் பதினாலு. பம்பாய்ப் பயிற்சி வந்ததும் தேதிய தள்ளி வெச்சோம். நான்தான் அத மாத்தாம வெச்சிருந்தேன். தினமும் நாலு தபா அடிச்சேன்."

"அவள் ஜெபத்துக்குப் போகும் நேரம் தெரிந்தவர், அவள் செருப்பு வாசலிலேயே கிடக்கும் என்று தெரிந்தவர் வேறு யார்? சடையன் ஒரு ஜோடிச் செருப்பைத்தான் பார்த்தார். இன்னொரு ஜோடி மேஜைக்கு அடியில் இருந்தது," என்றார் அப்பாசாமி.

எல்லாரும் ஏசுதாஸின் காலைப் பார்த்தார்கள். அவனும் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான். மறுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் மார்கரெட் அப்போது அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"அழிச்சாலும் டேப்புல இன்னொரு காப்பி இருக்கும்னு நெனச்சேன் பாப்பா," என்றான். "சத்தியமா. நாலு நாள் திட்டுவாங்க, பம்பாய்க்கு வேற ஆள அனுப்புவாங்க, நீ வேலைய வுட்டுட்டு வந்துடுவன்னுதான் நெனச்சேன். அங்க போனா நீ திரும்பி வருவியா? வந்தாலும் என்ன மதிப்பியா? ஊர்ல எல்லாம் கேக்கறான், பொண்டாட்டி கம்ப்யூட்டரு, நீ இன்னும் டைப்பான்னு. உன் மேல ஆசையாலதான் பண்ணேன்."

"ஆசையா?" மார்கரெட் கத்தவில்லை. கத்தியிருந்தால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "புதன்கிழமையிலருந்து சோறு தண்ணியில்லாம அழுதுகினு கீறேன். எங்கப்பா கால்ல வுழப்போனாரு, இந்தத் தலைவர் சார் கால்ல. நீ பக்கத்துல நின்னு பாத்துகினு இருந்த. இன்னிக்குக் காலையில என் பைய தூக்கிகினு வந்தியே, ஏசு. அந்தப் பைய எப்படித் தூக்கின?"

அவள் மேஜை மேல் இருந்த கைப்பையை எடுத்து, அவன் தொட்ட பிடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சொர்ணம் ஏசுதாஸை அடித்துவிடுவாள் போலிருந்தது. அப்பாசாமி அவள் எதிரில் போய் நின்றுகொண்டார்.

காசிநாதன் எழுதி வைத்திருந்த புகார்க் காகிதத்தைக் கிழித்தார். புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தார். ஏசுதாஸை அவர் தன் அறைக்கு வரச் சொன்னபோது, அவன் வழியில் முன் அலுவலக மேஜைக்கு அடியில் குனிந்து செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். சடையன் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அளவு எடுத்த நோட்டுகள் இருக்கின்றன," என்றார் ராஜேந்திரன் தயங்கித் தயங்கி. "மறுபடி அடித்து ஏற்ற ஒரு மாதம் ஆகும். பம்பாய்க்கு முன்னால் முடிக்க முடியுமா, மார்கரெட்? நானும் அடிக்கிறேன், இரண்டு விரல்தான்."

"முடிப்பேன் சார்."

"முதலில் அந்த ரகசியச் சொல்லை மாற்றிவிடம்மா," என்றார் அப்பாசாமி.

அவள் டெர்மினலின் முன் உட்கார்ந்தாள். இடது சுண்டுவிரல் தன்னால் பூட்டு விசையைத் தொட்டுப் பார்த்தது. பழைய சொல்லைக் கடைசித் தடவையாக அடித்தபோது மட்டும் விரல்கள் எழுத்துக்கு எழுத்து நின்றன. உள்ளே விட்டது. புதுச் சொல்லைக் கேட்டது. அவள் வெகுநேரம் விசைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேகமாக அடித்தாள். காகிதத்தில் எதுவும் விழவில்லை.

மாலை பஸ்ஸில் அப்பாசாமி முன் இருக்கையில் தூங்கிவிட்டார். மார்கரெட் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதையாவது பேச வைத்தால் தேவலை என்று சொர்ணத்துக்குத் தோன்றியது.

"இன்னா சொல்லு வெச்ச, மார்கரெட்டு? என்கிட்ட சொல்லேன், நான் யார்கிட்ட சொல்லப்போறேன்."

மார்கரெட் திரும்பினாள். சொர்ணத்தின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இறுகப் பிடித்துக்கொண்டாள். நிலையத்தில் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"தப்பா நெனச்சுக்காதக்கா," என்றாள். "இனிமே யார்கிட்டயும்னா, யார்கிட்டயும்தான்."